டாமிக்குக் கிடைத்த தமிழ்

பெற்றோர் கூட்டத்தில் என்ன பேசுவது என்று புது டீச்சர்கள் நீங்கள் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறீர்கள். குறைவாகப் பேசுங்கள், அவ்வளவுதான். நீட்டி முழக்கினீர்கள் என்றால் கூட்டத்தில் யாராவது ஒருவர் நீங்கள் சொல்வதை நிஜமாகவே கேட்டுத் தொலைத்துவிடுவார்.

சிரிக்காதீர்கள். முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளை மேய்த்தே தலை நரைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாராவது "மிஸ்" என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்க்கும்போதே "மூக்கைத் துடை" என்று வாயில் வந்துவிடுகிறது. போன வாரம் அப்படிக் கூப்பிட்டவன் என்னிடம் படித்த பையன், இப்போது பேங்க் மேனேஜர். பாவம், கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். பெரும்பாலான அப்பா அம்மாக்கள் நாம் சொல்வதைக் காதிலேயே வாங்குவதில்லை. பல்லைக் காட்டித் தலையாட்டிவிட்டு, வெளியே போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு, மறந்துவிடுவார்கள். பிள்ளைகள் உருப்படுவதே அதனால்தான். காலையில் அபாகஸ், மாலையில் கையெழுத்து வகுப்பு, நடுவில் ஞாபகசக்திக்கு வல்லாரை, ராத்திரி தூங்கும் முன் இங்கிலீஷ் ரைம்ஸ் என்று நாம் மேடையில் அளக்கிற அத்தனையையும் வீட்டில் செய்தால், அந்தப் பிள்ளை எப்போதுதான் பிள்ளையாக இருக்கும்?

ஆனால் ஒரு ஜோடி கேட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் கரஸ்பாண்டென்ட், அதாவது பள்ளியின் முதலாளி, கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். ரெட்டியார்பாளையம் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தோடு புதிதாக ஒரு பள்ளி வந்தது. அங்கே எல்.கே.ஜி. வாண்டுகூட இங்கிலீஷில் பொளந்து கட்டுகிறது என்று பேச்சு. எங்கள் பிள்ளைகள் சிலர் அங்கே தாவிவிட்டார்கள். மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த வருஷம் பள்ளி திறந்ததும் நடந்த பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

"இன்னிலேர்ந்து வீட்ல இங்கிலீஷ் மட்டும்தான். அப்பா, அம்மா, யாரா இருந்தாலும் சரி. கொழந்தைகிட்ட ஒரு வார்த்த தமிழ்ல பேசுனாலும் அதோட படிப்பு கெட்டுடும். புரிஞ்சிதா?"

இதை அவர் தமிழில்தான் சொன்னார். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிரெஞ்சுக்காரன் எவ்வளவோ காலம் ஆண்ட ஊர் இது. அவன்கூட நம் வீட்டு அடுப்படிக்குள் வந்து, குழம்பு கொதிக்கும்போது எந்த பாஷையில் பேசுகிறாய் என்று கேட்டதில்லை. எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். பாரீஸ் மாப்பிள்ளைகள் வந்தால் பிரெஞ்சு பொழியும். ஆனால் பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதற்கும் மனைவியைத் திட்டுவதற்கும் தமிழைத்தான் வைத்திருந்தார். அவருக்கு இருந்த புத்தி எங்கள் முதலாளிக்கு இல்லை.

சரி, அந்த ஜோடிக்கு வருகிறேன். செந்தில் பைக் மெக்கானிக். பள்ளிக்கு நாலு தெரு தள்ளிக் கடை. எங்கள் கரஸ்பாண்டென்ட்டின் பழைய பைக்கும் அங்கேதான் போய்ப் படுத்துக்கொள்ளும். மனைவி கௌரி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். ஒரே பெண், தன்ஷிகா. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், தெருவில் எல்லோருக்கும் அவள் தனுசுதான்.

எல்.கே.ஜி.யில் அவளைப் போல ஒரு வாயாடியை நான் பார்த்ததில்லை. வருகைப் பதிவு எடுக்க விடமாட்டாள். "மிஸ், நேத்து எங்கப்பா லுங்கியோட செவுரேறிக் குதிச்சிச்சி மிஸ், சாவி தொலஞ்சிபோச்சி, கீழ உளுந்து அழுதுச்சி." செந்தில் மறுநாள் பள்ளிக்கு வந்தால், மொத்த வகுப்பும் அவர் முழங்காலையே பார்க்கும்.

அந்த வாய், கூட்டம் நடந்த அந்த வருஷம் யு.கே.ஜி.க்கு வந்து பூஜை லீவு முடிவதற்குள் மூடிக்கொண்டது. கேட்டால் தலையாட்டுவாள். ஒன்றுக்கு வந்தால் விரலைக் காட்டுவாள். விளையாட்டு நேரத்தில் பொம்மையை எதிரே உட்கார வைத்து, "கம், சிட், ஈட்" என்று மூன்று வார்த்தை சொல்வாள். பிறகு பொம்மையும் அவளும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

பொங்கல் முடிந்ததும் கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளை அவரே உட்கார்ந்து நேரில் பார்க்கப்போகிறாராம். அதுவும் அந்தக் கண்ணாடிப் பள்ளியின் உபயம்தான்.

"மிஸ், அந்த மெக்கானிக் பொண்ணு ஊமையா?"

"போன வருஷம் அது வாய மூட நா காளி கோயிலுக்கு வேண்டிக்காத கொறைங்க சார்."

"இப்ப பேசலயே. இன்டர்வியூவுக்குள்ள பேசுனா சரி. இல்லன்னா டாக்டர்கிட்ட காட்டச் சொல்லிட்டு, டி.சி. குடுத்துடலாம். பேச்சு வராத பிள்ளைய ஒண்ணாங் கிளாஸ்ல வெச்சிக்கினு நா என்னா பண்றது?"

உங்களுக்கு டி.சி. என்பது ஒரு காகிதம். அந்தப் பிள்ளைக்கு அது பட்டப்பெயர். 'பேச வராத பொண்ணு' என்று ஒரு பள்ளி அனுப்பினால் அடுத்த பள்ளியும் அதையே நம்பும், கடைசியில் பிள்ளையும் நம்பிவிடும். கையில் இருந்தது சில வாரங்கள்தான்.

உங்களை மாதிரி புதிதாக வந்திருந்த ஒரு மிஸ் எனக்கு யோசனை சொன்னாள். "நாலு கேள்வி, நாலு பதில் மனப்பாடம் பண்ண வெச்சிடலாம் மிஸ். மை நேம் இஸ், மை ஃபாதர் இஸ். முடிஞ்சிது." இன்டர்வியூவுக்கு அது போதும்தான். ஒப்பித்துவிட்டு மறுபடியும் வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது? பேசாத பிள்ளை ஏன் பேசவில்லை என்று தெரியாமல் அதற்கு வசனம் சொல்லிக் கொடுக்க நான் என்ன நாடகமா போடுகிறேன்? ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு கௌரி வீட்டுக்குப் போனேன். டீச்சராகப் போனால் வீடு வேஷம் போடும். ஜாக்கெட் தைக்கப் போனால் போடாது என்று நினைத்தேன்.

தப்புக் கணக்கு. யு.கே.ஜி. மிஸ் எந்த ரூபத்தில் போனாலும் மிஸ்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், மெஷினை நிறுத்தினாள், விறைப்பாக நின்றாள். அப்போது தனுசு வெளியே இருந்து ஓடி வந்தாள். உள்ளங்கையில் செத்துப்போன ஒரு தும்பி. அதை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கௌரியின் முகம் மலர்ந்தது, வாய் திறந்தது. உடனே என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"கோ. ஹேண்ட் வாஷ்," என்றாள்.

தனுசு போய்த் தும்பியைப் போட்டுவிட்டுக் கை கழுவி வந்தாள்.

"கம். சிட். ஈட்."

தட்டில் இட்லி வந்தது. சாப்பிட்டாள். சரியாக அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது. "டாமி, கம். சிட். ஈட்."

நம் ஊரில் நாயிடம் யாரும் தமிழில் கட்டளை போடுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர்கூட நாயைக் கண்டதும் கலெக்டர் துரையாகிவிடுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்துப் பேச்சு அதோடு நிற்கவில்லை.

"ஏன்டா தங்கம் சாப்ட மாட்டேங்கற? காலைலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கெடக்குறியே, ஒடம்பு முடியலயா? எதிர் வீட்டுப் பூன எதுனா சொல்லுச்சா? இரு, அதுக்கு இருக்கு இன்னிக்கி. நீ ஒரு வாய் சாப்டு, எஞ் சாமி இல்ல..."

தனுசு வாயில் இட்லியோடு மெல்ல நகர்ந்து போய்ச் சுவரில் காதை வைத்துக்கொண்டாள். நாய்க்காகச் சொல்லப்படுகிற தமிழை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஏம்மா கௌரி, நீ ஏன் இவகிட்ட இப்டிப் பேசற?"

"சார் சொன்னாரே மிஸ்."

"என்னா சொன்னாரு?"

"வீட்ல இங்கிலீஷ்தான்னு. ஒரு வார்த்த தமிழ் பேசுனாலும் படிப்பு கெட்டுடும்னாரு. நா அஞ்சாவதுதான் மிஸ். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் இவ்ளோதான். தப்புத் தப்பாப் பேசிக் கெடுத்துடக் கூடாதுன்னு மீதி நேரம் வாய மூடிக்கிறேன்."

"அவங்கப்பா?"

"அது கடையிலேர்ந்து வந்ததும் குட் ஈவினிங் சொல்லும் மிஸ். அப்பறம் வண்டி சாமான் பேரு சொல்லும். கிளட்ச் பிளேட்டு, பிரேக் ஷூ, ஸ்பார்க் பிளக்கு. அதையே எத்தினி நாளைக்கிச் சொல்லும்? படுத்துடும்."

"நீங்க ரெண்டு பேரும் எதுவும் பேசிக்க மாட்டீங்களா?"

"அவ தூங்குனப்பறம் மொட்ட மாடிக்குப் போய்ப் பேசிப்போம் மிஸ். தூக்கத்துல கூட அவ காதுல தமிழ் உளுந்துடக் கூடாதுன்னு."

பெருமையாகச் சொன்னாள். கூட்டத்தில் கை தட்டிய அத்தனை பேரில், சொன்னபடி நடந்துகொண்ட ஒரே தாய் அவள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அந்த மைக்கைப் பிடுங்கி எங்கள் முதலாளி தலையில் போட வேண்டும் போல இருந்தது. அவர் எதிரில் இல்லாததால் இவள் மேல் பாய்ந்தேன்.

"பக்கத்து வீட்டு நாய்க்கு இருக்கற குடுப்பினகூட ஒம் பொண்ணுக்கு இல்லடி. அதுக்காவது ஒடம்புக்கு என்னான்னு கேக்க ஆள் இருக்கு."

கௌரி அழுதுவிட்டாள். இந்த முறையை நீங்கள் பின்பற்ற வேண்டாம். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம், அது ஊருக்கே தெரியும். நீங்கள் பக்குவமாகச் சொல்லலாம். ஆனால் கட்டாயம் சொல்லுங்கள்.

செந்திலையும் கடையிலிருந்து வரவழைத்தேன். கிரீஸ் கையோடு வந்து நின்றார். பள்ளியின் விதியை இந்த நிமிஷத்திலிருந்து மீறுங்கள் என்று ஒரு டீச்சர் சொல்வது எங்கே போய் முடியும் என்று எனக்கும் தெரியும். முதலாளி காதுக்குப் போனால் என் வேலை போகும். போகட்டும் என்று துணிந்துவிட்டேன்.

"தமிழ்ல பேசுங்க. ஓயாமப் பேசுங்க."

"இன்டர்வியூல இங்கிலீஷ்ல கேப்பாரே மிஸ்?" என்றார் செந்தில்.

"கேக்கட்டும். மொதல்ல வாயத் தொறக்கட்டும் தம்பி. தொறந்த வாயில எந்த பாஷைய வேணும்னாலும் அப்பறம் ஊத்திக்கலாம். மூடுன வாயில எத ஊத்துவீங்க?"

"என்னா பேசறது மிஸ்?"

இதைத்தான் நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையிடம் என்ன பேசுவது என்று பெற்ற தாய் தகப்பன் நம்மிடம் வந்து கேட்கிற அளவுக்கு அவர்களை மிரட்டி வைத்திருக்கிறோம். நான் சொன்னேன்: "கௌரி, இது என்னா கலரு, இது எத்தினின்னு தெரிஞ்சதயே கேட்டு அவளுக்குப் பரீட்ச வெக்காத. அதுக்குத்தான் நாங்க சம்பளம் வாங்குறோம். ஒனக்கு நெஜமாத் தெரியாதத கேளு. இந்தத் துணிக்கி எந்த நூலு எடுப்பா இருக்கும்னு கேளு. அவ சொன்னா, ஏன்னு கேளு. தம்பி, நீங்க ஞாயித்துக்கெழம பிள்ளைச்சாவடிக்கு மீன் வாங்கப் போவீங்க இல்ல? வண்டி முன்னாடி ஒக்கார வெச்சிக் கூட்டிக்கினு போங்க. மீன அவ பொறுக்கட்டும். கடையில ஸ்பானர் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. தப்பா எடுத்தா திட்டாதீங்க, போட்டுப் பாக்க விடுங்க. அவ பேசறப்ப போனைக் கவுத்து வெய்யுங்க. புளுகுனா முழுசாக் கேளுங்க, நடுவுல திருத்தாதீங்க."

செந்திலுக்கு முகம் விழுந்துவிட்டது. "இவ்ளோதானா மிஸ்? இதுக்கு எதுனா கிளாஸ் கெடையாதா?"

"இருக்கு. ஒங்க வீடுதான்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஜாக்கெட் துணியைக் கொடுக்கவே மறந்துவிட்டேன்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கௌரி தமிழில் பேச ஆரம்பித்ததும், அம்மா யாரிடம் பேசுகிறாள் என்று தனுசு திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாளாம். அதைச் சொல்லிவிட்டுப் பள்ளி கேட்டில் நின்று கௌரி மறுபடியும் அழுதாள். நானும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். பேசாமல் அந்த நாலு பதிலையே உருப்போட வைத்திருக்கலாமோ என்று ஒரு சபலம். புது மிஸ் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம் பிள்ளைகள் கூட்டமாக ஓடி வந்தார்கள். "மிஸ், தன்ஷிகா இவன போடா பன்னின்னு திட்டிட்டா மிஸ்!"

"நெஜமாவா?"

"ஆமா மிஸ்!"

"ரெண்டு தடவ சொன்னாளா?" என்று ஆசையாகக் கேட்டேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டு வாங்கிய பையனுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தேன். அதன் பிறகு கொஞ்ச நாள் அவளிடம் திட்டு வாங்க வரிசையில் நின்றார்கள்.

இன்டர்வியூ நாள் வந்தது. கரஸ்பாண்டென்ட் அறையில் அவர், எதிரே கால் தரையில் எட்டாமல் தனுசு, அவளுக்கு இரண்டு பக்கமும் அப்பா அம்மா, ஓரத்தில் நான். செந்தில் துவைத்த சட்டையில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

"தன்ஷிகா."

எனக்குப் பாதி உயிர் வந்தது.

"வாட் இஸ் யுவர் ஃபாதர்?" என்றார். கேள்வியே கோணல், அதை விடுங்கள். ஃபாதர் என்ற வார்த்தை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"எங்கப்பா வண்டி மெக்கானிக்கு. ஒங்க வண்டியக்கூட எங்கப்பாதான் ரெடி பண்ணுச்சு. நீங்க கிளட்ச்சப் புடிச்சிக்கினே ஓட்றீங்களாம், அதான் தேஞ்சித் தேஞ்சிப் போவுதாம். எத்தினி தடவ சொன்னாலும் அந்தாளு மண்டையில ஏறலன்னு எங்கப்பா எங்கம்மாகிட்ட சொல்லுச்சு."

செந்தில் நாற்காலியோடு பூமிக்குள் போய்விடுவார் போல இருந்தது. கௌரியின் வாய் திறந்தது. 'ஷட் அப்' நுனிநாக்கில் வந்து நின்றதை நான் பார்த்தேன். அவள் முழங்கையை இறுகப் பிடித்தேன். முந்தானையால் தன் வாயைத்தான் பொத்திக்கொண்டாள். பிள்ளையின் வாயைப் பொத்தவில்லை.

கரஸ்பாண்டென்ட்டின் காது சிவந்துவிட்டது. "இங்கிலீஷ்ல சொல்லு," என்றார்.

தனுசு கொஞ்சம் யோசித்தாள். "கிளட்ச் பிளேட்," என்றாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "சார், பேச்சு வரலன்னு டாக்டர்கிட்ட காட்டச் சொன்னீங்க. இப்ப எந்த டாக்டர்கிட்ட போறது, பேச்சக் கொறைக்கச் சொல்லியா?"

முறைத்தார். பிறகு அவருக்கே உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் அவள் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தார். பேனாவை மூடும்போது, வீட்டில் நடந்தது எதுவும் தெரியாத அந்த மனிதர், நல்ல தமிழில், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

"இவ்ளோ பேசறியே கண்ணு, இத்தினி நாளா ஏன் பேசாம இருந்த?"

தனுசு ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள். அம்மாவை ஒரு தடவை பார்த்தாள்.

"அம்மா எம்மேல கோவமா இருந்துச்சி. அப்பாவும். எங்கிட்ட பேசவே இல்ல. நா என்னா தப்பு பண்ணேன்னு தெரியல. அதான் சும்மா இருந்தேன்."

செந்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கரஸ்பாண்டென்ட் என்னைப் பார்த்தார். "நீங்க மைக்ல சொன்னத அப்டியே கேட்டவங்க சார் இவங்க," என்றேன். அந்த வருஷத்துக்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் வீட்டில் எந்த பாஷை பேசுவது என்று வாயைத் திறந்ததில்லை.

கௌரி பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "கோவம் இல்லடி. எஞ் செல்லம், ஒம்மேல கோவமே இல்லடி," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தனுசு விடவில்லை. தலையை நிமிர்த்தி, "அப்பறம் என்னா?" என்றாள்.

"பயம்டி," என்றாள் கௌரி.